ஏரியை வலம் வந்து கூடாரம் போட்ட கதை

புதிதாக வந்திருக்கும் நான்கு பேருக்கும் ஒரு மணி நேரம் பாடம் எடுங்கள் மிஸ் என்று நம் முதலாளி கேட்டார். நின்றுகொண்டு பேச என் முட்டி ஒத்துழைக்காது. உட்கார்ந்து பேசினால் எனக்கே தூக்கம் வந்துவிடும். அதனால் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். படிக்கிறவர்கள் படியுங்கள், படிக்காதவர்கள் பட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

துடுப்பு போடுவது, கூடாரம் அடிப்பது, கயிற்றில் முடிச்சு போடுவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாக வரும். சான்றிதழ் வைத்திருக்கிறீர்கள். நான் இருபது வருடம் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்துவிட்டு, கழுத்தில் விசிலோடு இந்தப் படகு முகாம் வேலைக்கு வந்தவள். பன்னிரண்டு வருடம் இந்த மாவட்டத்து ஏரிகளில் சுற்றியிருக்கிறேன். முகாமுக்கு இடம் பார்ப்பது எப்படி என்று ஒரு பட்டியல் நம் அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறது. தண்ணீரிலிருந்து தள்ளி இருக்க வேண்டும், தரை சமமாக இருக்க வேண்டும், தலைக்கு மேல் காய்ந்த கிளை இருக்கக் கூடாது, காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று பார்க்க வேண்டும். எல்லாம் சரிதான். வாத்தைப் பற்றி மட்டும் அதில் ஒன்றும் இல்லை. அந்தக் குறையைத்தான் நான் இங்கே தீர்க்கப் போகிறேன்.

அது ஒரு தை மாதம். வேங்கிக்காலில், கலெக்டர் அலுவலக வளாகத்தில் இருக்கும் ஓர் அரசு அலுவலகத்திலிருந்து ஏழு பேர் வந்தார்கள். அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறப்போகும் அவர்களுடைய சூப்பிரண்டுக்கு வழியனுப்பு விழாவாக இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்திருந்தார்கள். மற்ற அலுவலகங்களில் இதற்குச் சால்வையும் சுவர்க் கடிகாரமும் கொடுப்பது வழக்கம். இவர்கள் படகில் ஏற்றி ஏரிக்கு அனுப்புகிறார்களே, அவர்மேல் அவ்வளவு கோபமா என்றுதான் நான் முதலில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, கேட்டதே அவர்தான் என்று.

விவரம் பேச நான் அவருடைய அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அவர் மேசைக்குப் பின்னால் பெரிய ஜன்னல். ஜன்னல் நிறைய அண்ணாமலை. அவரோ அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அப்படித்தான் மேசை போட்டிருந்தார்கள்.

“பதினோரு வருஷம் மேடம்” என்றார். “மலை பின்னாடி, ஜனங்க முன்னாடி. உள்ள வர்றவங்க எல்லாம் என்னைப் பாக்கற மாதிரி மலையப் பாத்துட்டுப் போயிடறாங்க. நான் திரும்பிப் பாத்தா வேலை செய்யலன்னு சொல்லிடுவாங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். காலையில கண்ணு முழிச்சா, எதிர்ல தண்ணி, தண்ணிக்கு அந்தாண்ட மலை. அவ்வளவுதான். டிபன் கூட சுமாரா இருந்தாப் போதும்.”

“மலை தெரியும் சார். அது என் பொறுப்பு” என்றேன்.

இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்குப் பொறுப்பு ஏற்கலாம், பாதுகாப்புக்குப் பொறுப்பு ஏற்கலாம். காட்சிக்கு ஏற்கவே கூடாது. நான் ஏற்றுக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்த்தால் நீங்களும் ஏற்றிருப்பீர்கள்.

கீழ்பென்னாத்தூரைத் தாண்டி இருக்கும் அந்தப் பெரிய ஏரிக்கு உங்களை இனிமேல்தான் அழைத்துப் போவார்கள். கிழக்கே நீளமான கரை. கரையின் தெற்குக் கோடியில் நாம் படகு இறக்கும் துறை. மலை தென்மேற்கில் தெரியும். ஆனால் தெற்குப் பக்கம் ஒரு பாறைக் குன்று நிற்பதால் துறையிலிருந்து பார்த்தால் தெரியாது. ஏரியைச் சுற்றி எங்கெங்கே தெரிகிறது என்று தேட வேண்டும். காலை பதினோரு மணிக்கு நான்கு படகுகளில், படகுக்கு இரண்டு பேராக, தேடப் புறப்பட்டோம்.

முதல் தவறு அந்த நிமிடத்திலேயே நடந்தது. எந்தப் பக்கம் போகலாம் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நான்கு படகுகளும், ஏரி வலக்கைப் பக்கம் இருக்கும்படி, தெற்குக் கரையை ஒட்டி மேற்கே திரும்பின. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்றிப் பழகிய ஊர்க்காரர்கள் நாம். நடுவில் எது இருந்தாலும் அதை வலமாகத்தான் சுற்றுவோம். பேருந்து நிலையத்தில் கழிப்பறை தேடினால்கூட வலமாகத்தான் தேடுவோம். இடமாகப் போகலாம் என்கிற எண்ணம் அந்த எட்டு மண்டைகளில் ஒன்றுக்குக்கூட வரவில்லை. அதில் சம்பளம் வாங்கிக்கொண்டு இடம் பார்க்க வந்த மண்டை என்னுடையது.

எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தால் என்ன கண்டிருப்போம் என்று சொல்கிறேன். துறைக்கு வடக்கே நூறடி தூரத்தில் கரையை ஒட்டி ஒரு மேட்டுத் திட்டு. மூன்று புங்க மரங்கள், சமமான தரை. மலை தெரியாது என்பதைத் தவிர ஒரு குறையும் சொல்ல முடியாத இடம். அதைத் தாண்டிக் கால் மணி நேரம் துடுப்பு போட்டிருந்தால், வடகிழக்கு மூலையில் ஓர் அம்மா அடுப்பு மூட்டிச் சோறு ஆக்கிக்கொண்டிருப்பதையும் பார்த்திருப்போம். பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

தெற்குக் கரையில் முதல் இடம். அருமையான பாறை, குன்றின் நிழல். மலை அந்தக் குன்றுக்குப் பின்னால். வேண்டாம் என்று தாண்டினோம். மேற்குக் கரையில் இரண்டாவது இடம். அங்கே ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாய் வாய் திறந்து கிடந்தது, அது எனக்குப் பிடிக்கவில்லை. சூப்பிரண்டுக்கு வேறு காரணம். தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்தால் மலை முதுகுப் பக்கம் வந்தது.

“இதுக்கு நான் ஆபீஸ்லயே இருந்திருப்பேன்” என்றார்.

வடக்குக் கரைக்கு வந்து சேர மணி மூன்று ஆகிவிட்டது. நடுவில் புளியோதரை, படங்கள் எடுப்பது, டைப்பிஸ்ட் அம்மாவின் செருப்பு தண்ணீரில் விழுந்து மிதந்து போனது எல்லாம் உண்டு. வடக்குக் கரையில் மலை நன்றாகத் தெரிந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். தரை மட்டும் ஏரியை நோக்கி, அதாவது தெற்கே, கொஞ்சம் சரிந்திருந்தது.

சரிவில் படுத்தால் தலை மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும். இது நீங்கள் படித்த பாடம். அங்கே மேட்டுப் பக்கம் என்பது வடக்கு. வடக்கே தலை வைத்துப் படுக்க மாட்டோம் என்று ஏழு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அது மட்டுமில்லை, அப்படிப் படுத்தால் கால் மலைப் பக்கம் நீளும். அண்ணாமலையாருக்குக் காலை நீட்டிக்கொண்டு தூங்கிவிட்டு, திங்கட்கிழமை எந்த முகத்தோடு ஊருக்குள் நடப்பது? சரி, தலையைத் தெற்கே வையுங்கள் என்றேன். இரத்தமெல்லாம் தலைக்கு இறங்கும், எனக்கு ஏற்கனவே பிரஷர் ஜாஸ்தி என்றார் அவர்களுடைய ஆபீஸ் டிரைவர். மிச்சம் இருந்தது கிழக்கு மேற்கு. சரிவுக்குக் குறுக்கே.

“படுத்துப் பாத்துடலாம்” என்றார் சூப்பிரண்டு. எதையும் ஆய்வு செய்யாமல் முடிவு எடுக்காத மனிதர்.

ஒரு பெரிய ஜமக்காளத்தை விரித்தோம். மேட்டுப் பக்கம் டிரைவர், நடுவில் சூப்பிரண்டு, கீழே இளநிலை உதவியாளர். மூன்று பேரும் கிழக்கே தலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு நிமிடம் எல்லாம் ஒழுங்காக இருந்தது. மூன்றாவது நிமிடம் டிரைவர் மெதுவாக உருண்டு சூப்பிரண்டின் மேல் சாய்ந்தார். சூப்பிரண்டு உருண்டு உதவியாளரின் மேல் சாய்ந்தார். உதவியாளர் யார் மேலும் சாய முடியாமல் ஜமக்காளத்தை விட்டு வெளியே போய், நெருஞ்சி முள்ளில் கிடந்தார்.

“கீழ்மட்ட ஊழியருக்குத்தான் எப்பவும் முள்ளு” என்று எழுந்து உட்கார்ந்தார் அவர். இந்த இடமும் ரத்தானது.

இதைச் சிரிப்பதற்காக மட்டும் எழுதவில்லை. நம்மிடம் வருகிறவர்கள் உடம்பை மட்டும் கொண்டு வருவதில்லை. எந்தத் திசையில் தலை, எந்தத் திசையில் கால் என்பதையும் கொண்டு வருகிறார்கள். அதை மூடநம்பிக்கை என்று வாதாடி ஜெயிக்கலாம், ஆனால் அவர்கள் தூங்க மாட்டார்கள். சரிவை எப்படிக் கணக்கில் எடுக்கிறீர்களோ அப்படி இதையும் எடுங்கள்.

நான்கரை மணிக்கு வடகிழக்கு மூலைக்கு வந்தோம். என் பன்னிரண்டு வருடத்தில் அப்படி ஓர் இடத்தை நான் பார்த்ததில்லை. மேசை போலச் சமமான தரை. ஒரு முள் இல்லை, ஒரு கல் இல்லை. மண் மிதித்து மிதித்துப் பதமாக இருந்தது. எதிரே விரிந்த தண்ணீர், தண்ணீருக்கு அந்தப் பக்கம் முழு மலை. தெற்கே தலை வைத்து ஒருக்களித்துப் படுத்தால் கண்ணுக்கு நேரே மலை, கால் வேறு பக்கம். எல்லாச் சட்டமும் திருப்தி. சூப்பிரண்டு தன் கூடாரத்தைத் தானே அடித்தார், வாசலை மலைக்கு நேரே வைத்தார், உள்ளே போய் ஒருக்களித்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து என்னைக் கும்பிட்டார்.

அந்தப் பெருமையில் நான் பார்க்கத் தவறியவற்றை எழுதுகிறேன். பார்க்கவில்லை என்று சொன்னால் பொய், பார்த்தேன். புதர் ஓரம் சுருட்டி வைத்த வலை கிடந்தது, யாரோ மீன் பிடிப்பவருடையது என்று நினைத்தேன். வேல மரத்தில் ஒரு மூட்டையும் அலுமினியக் குண்டானும் தொங்கின, ஆடு மேய்ப்பவருடையது என்று நினைத்தேன். தரையெங்கும் சின்னச் சின்ன இறகுகள் கிடந்தன, கொக்கு என்று நினைத்தேன். ஒரு வாடையும் வந்தது. அதை இளநிலை உதவியாளர் என்று நினைத்தேன். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு காரணம் கண்டுபிடித்தேனே தவிர, ஏரிக்கரையில் முள் முளைக்காத இடம் எப்படி இருக்கும், யார் மிதித்து இப்படி ஆனது என்று ஒரே ஒரு கேள்வியைக் கேட்கவில்லை.

ஐந்தரை மணிக்கு டைப்பிஸ்ட் அம்மா தண்ணீரைக் காட்டி, “மேடம், ஏரி நகருது” என்றார்.

நிஜமாகவே நகர்ந்தது. வடக்கே அறுவடை முடிந்த வயல்களில் பகலெல்லாம் மேய்ந்துவிட்டு, வாய்க்கால் வழியாக ஏரிக்குள் இறங்கி, வாத்துகள் வந்துகொண்டிருந்தன. பத்து இருபது இல்லை. தண்ணீர் தெரியாத அளவுக்கு. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்ட மாதிரி பேசிக்கொண்டே வந்து, நேராக எங்கள் முகாமைப் பார்த்துத் திரும்பின. முன்னால் வந்தவை கரையில் கால் வைத்துவிட்டன. எங்கள் ஆட்கள் அலறிக்கொண்டு அங்குமிங்கும் ஓடினார்கள். கூட்டம் கலைந்து ஓடுவதைக் கண்டால் இருபது வருடப் பழக்கம் சும்மா இருக்குமா? கழுத்தில் இருந்த விசிலை எடுத்து முழு மூச்சில் ஊதினேன்.

மனிதர்கள் நின்றார்கள். வாத்துகள் அத்தனையும் ஒரே பாய்ச்சலில் தண்ணீருக்குத் திரும்பி, நாற்பது அடி தள்ளிப் போய் மிதந்துகொண்டு எங்களையே பார்த்தன. இது என் இரண்டாவது தவறு. என்ன வந்திருக்கிறது என்று தெரியாமல் விசில் ஊதாதீர்கள்.

வாய்க்கால் மேட்டிலிருந்து நீளமான கழியோடு ஓர் அம்மா ஓடி வந்தார். நாற்பது வயதிருக்கும். சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகி, சேறு காயாத காலோடு வந்து நின்றவர், எங்கள் ஐந்து ஆரஞ்சு நிறக் கூடாரங்களைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அக்கா, இன்னா இது. வாத்து படுக்கற எடம்க்கா.”

அவரும் அவர் கணவரும் வாத்துகளை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள். பன்னிரண்டு நாளாக இதே இடத்தில்தான் பட்டி. கணவர் அடுத்த ஏரியில் இடம் பார்க்கப் போயிருந்தார், காலையில்தான் வருவார். நம்மைப் போலவே ஏரிக்கரையில் முகாமுக்கு இடம் பார்ப்பதுதான் அவர்களுக்கும் பிழைப்பு. ஒரு வித்தியாசம், அவர்கள் அந்த ஏரியை இரண்டு பக்கமும் நடந்து பார்த்திருந்தார்கள்.

“கொஞ்சம் தள்ளிப் படுக்க வைக்க முடியாதாம்மா?” என்று கேட்டேன்.

“அதுங்களுக்கு எடம் பழகிப்போச்சுக்கா. நான் சொன்னா கேக்காது. விளக்கு வெக்கறதுக்குள்ள கரையேறலன்னா அப்படியே எதிர்க்கரைக்குப் போயிடும். அங்க எல்லாம் இப்பதான் நாத்து நட்டிருக்காங்க. உள்ள எறங்குச்சுன்னா ஒரு நாத்து மிஞ்சாது. அப்பறம் இந்த ஊர்ல எங்களை நிக்க உடமாட்டாங்க. அந்தாண்ட நரி வேற. நான் ஒண்டிக்காரி, எங்கன்னு ஓடுவேன்.” அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கழியை ஊன்றிக்கொண்டு சூரியனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

சூப்பிரண்டு கூடாரத்துக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டினார். “ஏம்மா, இங்க வாத்து விடறதுக்கு அனுமதி வாங்கியிருக்கியா?”

“நீங்க வாங்கியிருக்கீங்களா சார்?”

என் பையில் அனுமதிக் கடிதம் இருந்தது. அதை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். ஏரிக்கரையில் ஒரு நாள் தங்கலாம் என்று இருந்ததே தவிர எந்தக் கரை என்று இல்லை. அதைப் படித்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். கூடாரத்தின் ஜிப் மேலிருந்து கீழ்வரை மூடிக்கொண்டது.

அடுத்த அரை மணி நேரம் நான் செய்த காரியங்களை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. முடிவு எடுக்கப் பயந்தவள் பாதி முடிவுகளாக எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு கூடாரத்தை மட்டும் பிரித்து வழி விட்டுப் பார்த்தேன். வாத்துகள் பத்தடி முன்னால் வந்து நின்றுகொண்டன. ஆரஞ்சு நிறம்தான் பயம் என்று யாரோ சொன்னார்கள். மிச்சம் மூன்றின் மேலும் போர்வையைப் போர்த்தினோம். வாத்துகள் பத்தடி பின்னால் போயின. எல்லாரும் குனிந்து உட்கார்ந்தால் நம்மை வாத்து என்று நினைக்கும் என்றார் டிரைவர். அரசு ஊழியர்கள் ஆறு பேரும் நானும் வரிசையாகக் குந்தி உட்கார்ந்தோம். அந்த அம்மா எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெயில் மலை உச்சிக்குப் போய்விட்டது. கூட்டத்தின் ஓரத்தில் நூறு வாத்துகள் பிரிந்து எதிர்க்கரைப் பக்கம் நகரத் தொடங்கின.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. நான் வாக்குக் கொடுத்தது சூப்பிரண்டுக்கு. அந்த வாக்கை நான் காப்பாற்றினால் அதற்கான விலையை அவரும் கொடுக்கப்போவதில்லை, நானும் கொடுக்கப்போவதில்லை. கழியை ஊன்றிக்கொண்டு நிற்கிற அந்த அம்மா கொடுக்கப்போகிறார். இது புரிந்த பிறகு ஒரு நிமிடம் ஆகவில்லை.

“எல்லாத்தையும் பிரிங்க. படகுல ஏத்துங்க” என்றேன். விசில் ஊதவில்லை.

ஐந்து பேரும் முணுமுணுத்துக்கொண்டே பிரித்தார்கள். ஆறாவது ஆளான டைப்பிஸ்ட் அம்மா மட்டும், வாத்துகளுக்கு இருக்கிற பொறுமை நம் ஆபீஸில் யாருக்கும் கிடையாது என்று சொல்லிக்கொண்டு பிரித்தார். நான்கு கூடாரங்கள் போய்விட்டன. சூப்பிரண்டின் கூடாரம் மட்டும் நின்றது. வாசலில் போய்க் குனிந்தேன்.

“சார், மன்னிச்சிடுங்க. நான் வாக்குக் குடுத்தேன். ஆனா இந்த இடம் அவங்களோடது.”

உள்ளிருந்து “பதினோரு வருஷம் மேடம்” என்று மட்டும் குரல் வந்தது. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, என்மேல்தான் வந்தது.

நாங்கள் எல்லாரும் படகுப் பக்கம் ஒதுங்கினோம். அந்த அம்மா தண்ணீர் ஓரத்தில் நின்று நாக்கை மடக்கி ஒரு சத்தம் கொடுத்தார். வாத்துகள் கரையேறின. முதலில் ஒன்று, பிறகு பத்து, பிறகு எண்ண முடியாத கூட்டம். பிரிந்து போன நூறும் திரும்பி வந்தன. இடம் முழுக்க நிறைந்து, சூப்பிரண்டின் கூடாரத்தைச் சுற்றி மட்டும் ஒரு முழம் இடைவெளி விட்டு நின்றன. எதுவும் கத்தவில்லை. எல்லாம் கூடாரத்தின் வாசலைப் பார்த்தபடி கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றன. பின்னால் இருந்தவை உட்கார இடமில்லாமல் இன்னும் தண்ணீரில் நின்றன.

வெளியே சத்தம் அடங்கியதைக் கேட்டு ஜிப் மெதுவாகக் கீழிருந்து மேலே திறந்தது. சூப்பிரண்டு தலையை நீட்டினார். மலையை அவர் பார்க்கவில்லை. பார்க்க முடியாதபடி முன்னால் அத்தனை முகங்கள். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“திங்கக்கிழமை மாதிரி இருக்கு மேடம்” என்றார்.

கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு வாங்கும் நாள். அன்றைக்கு இவர் மேசைக்கு முன்னாலும் வாசல் வரைக்கும் ஜனங்கள் இப்படித்தான் பேசாமல் நிற்பார்கள்.

“எத்தனை பேர்கிட்ட நாளைக்கு வாங்கன்னு சொல்லி அனுப்பியிருக்கேன்” என்றார். “இதுங்ககிட்ட சொல்ல வாய் வரல.”

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். தானே அடித்த கூடாரத்தைத் தானே பிரித்தார். முளைகளைப் பிடுங்கினார், துணியை மடித்தார், மடித்ததை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வாத்துகளுக்கு நடுவே, மன்னிக்கணும், கொஞ்சம் வழி விடுங்க என்று சொல்லிக்கொண்டு வந்தார். வாத்துகளிடம் அவர் மரியாதையாகப் பேசியதை நான் மட்டும் கேட்கவில்லை, ஏழு சாட்சிகள் உண்டு.

கடைசி வெளிச்சத்தில் துடுப்பு போட்டோம். காலையிலிருந்து சுற்றிய அதே போக்கில், வலமாக. கரையை ஒட்டிக் கால் மணி நேரம் போனதும் மூன்று புங்க மரங்கள் தெரிந்தன. மேடான, சமமான, யாரும் படுக்காத திட்டு. அதற்கு அப்பால் நூறடியில், காலையில் நாங்கள் விட்டுவிட்டு வந்த ஜீப் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் படகிலிருந்து இறங்கும்போது, “ஆக மொத்தம் சுத்து முழுசா முடிஞ்சிது, அது வரைக்கும் புண்ணியம்” என்றார். சூப்பிரண்டு சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டார். எந்தப் பக்கம் தலை என்று கேட்கவில்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

விடியற்காலை எழுந்து முதல் வேலையாகத் தலைகளை எண்ணினேன். அது பள்ளிக்கூடத்துப் பழக்கம், நல்ல பழக்கம், நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தலை குறைந்தது. சூப்பிரண்டின் கூடாரம் திறந்து கிடந்தது. ஏரிக்குப் பக்கத்தில், மனம் உடைந்த ஒரு மனிதர், விடியாத நேரத்தில் காணவில்லை என்றால் என் நெஞ்சு எப்படி அடித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். துறையில் பார்த்தேன், ஜீப்பில் பார்த்தேன். பிறகு முட்டி வலியையும் மறந்து கரைமேல் வடக்கே ஓடினேன்.

வாத்துப் பட்டியில் இருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு கூடையோடு, குனிந்து முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார். வாத்துகள் விடியலில்தான் முட்டையிடும். அவற்றைப் பட்டியைச் சுற்றிக் கட்டிய வலைக்கு வெளியே ஓட்டுவதற்குள் பொறுக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் மிதித்து உடைத்துவிடும். அந்த அம்மாவின் கணவர் இன்னும் வந்து சேரவில்லை. வெள்ளை வெளேரென்று தரையெங்கும் முட்டை. இவர் ஒவ்வொன்றையும் எடுத்து, வேட்டி நுனியில் துடைத்து, கூர் முனை கீழே இருக்கும்படி, ஒன்று போல அடுக்கிக்கொண்டிருந்தார். கோப்புகளையும் இப்படித்தான் அடுக்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

“சாருக்கு கை ரொம்ப பதனம்க்கா” என்றார் அந்த அம்மா. “இதுவரைக்கும் ஒண்ணு கூட உடைக்கல.”

அந்த நேரம் சூரியன் கரைக்கு மேலே வந்தது. ஏரிக்கு அந்தப் பக்கம் மலை முழுவதும் செம்பு நிறத்தில் எழுந்து நின்றது. தண்ணீரில் இன்னொரு மலை தலைகீழாகக் கிடந்தது. அவர் கேட்டது அப்படியே, ஒரு குறையும் இல்லாமல் அங்கே இருந்தது. அவரோ அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“சார், பின்னாடி பாருங்க. மலை” என்றேன்.

நிமிர்ந்து, திரும்பி, ஒரு நிமிடம் பார்த்தார். கும்பிட்டார். “நல்லா இருக்கு மேடம்” என்றார். பிறகு மறுபடியும் மலைக்கு முதுகைக் காட்டிக் குனிந்தார். “இந்த வரிசைய முடிச்சிட்டு வரேன். அந்தம்மா ஒண்டியா கஷ்டப்படுது.”

எனக்கு நேற்றிலிருந்து நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. எங்கள் திட்டிலிருந்து இந்தப் பட்டிக்கு வலமாக வர வேண்டுமென்றால் ஏரி முழுவதையும் சுற்றியிருக்க வேண்டும். இருட்டில், முள்ளில், கால்வாயைத் தாண்டி, மூன்று மணி நேரம் ஆகும்.

“சார், எந்தப் பக்கமா வந்தீங்க?”

அவர் கையில் ஒரு முட்டையோடு அப்படியே நின்றார். கரையைப் பார்த்தார். திட்டைப் பார்த்தார். முப்பது வருடத்தில் முதல் தடவையாகக் கணக்கில் தப்பு கண்டுபிடிக்கப்பட்டவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

“அவசரம் மேடம்” என்றார் மெதுவாக. “ஆபீஸ்ல சொல்லிடாதீங்க.”